ஹலால் சாப்பாடும் முன் சீட்டும்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஊசி போடும் நாற்காலிக்கு நேர் எதிரே, சிவப்பு மையில் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: 'பெயரைச் சொல்லாதே, கேள்.' டாக்டரம்மா கைப்பட எழுதியது. நோயாளி வந்து உட்கார்ந்ததும் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்கக் கூடாது. "உங்க பேரு என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். ஊசியைப் பார்த்துவிட்ட மனிதன் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டுவான். அப்படித்தான் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயருக்குத் தலையாட்டிவிட்டு, அவருடைய சர்க்கரை வியாதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாவம், இனிப்பையெல்லாம் விட்டுப் பாதியாக இளைத்து வந்து சண்டை போட்டார். அன்றைக்கு ஒட்டிய காகிதம் அது.

ரத்தம் எடுப்பது நான்தான். பெயரைக் கேட்காமல் ஒரு சொட்டு எடுத்ததில்லை. இந்த விஷயத்தில் டாக்டரம்மாவைவிட நான் கறார். அப்படிப்பட்ட இடத்தில், அப்படிப்பட்ட ஆட்கள் கூடி, எனக்காக ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். என்ன வேண்டும் என்று என்னை மட்டும் கேட்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து பெரிய நகரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா போய் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று டோக்கன் சொன்னாள். டோக்கன் எங்கள் வரவேற்பு மேசைப் பெண். வருகிறவர்களுக்கு வரிசை எண் கொடுத்துக் கொடுத்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பும் அவளுக்கே. முதலில் அவள் போட்ட திட்டம் தங்கமானது. காலையில் மீன் காட்சியகம், அதற்குப் பக்கத்திலேயே சாப்பாடு, பிறகு படகு, அப்புறம் உயரமான கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது.

மீன் காட்சியகம் என்றதும் எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. மீனுக்காக அல்ல. அங்கே டிக்கெட் கொடுப்பவள் என் தங்கை.

என் தங்கையை நான் நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது. எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. சண்டை எங்கள் இருவரின் வீட்டுக்காரர்களுக்கு. சகலைகள் இரண்டு பேரும் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகும்போது, காரில் முன் சீட்டில் யார் உட்காருவது என்பதில் முறைத்துக்கொண்டார்கள். வயதில் மூத்தவன் நான், முன் சீட்டு எனக்குத்தான் என்றார் என் வீட்டுக்காரர். பின்னால் உட்கார்ந்தால் எனக்குக் குமட்டும் என்றார் தங்கை வீட்டுக்காரர். "உனக்குக் குமட்டும், எனக்கு மரியாதை போகும்" என்று சொல்லிவிட்டு இவர் இறங்கி நடந்தார். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, பந்தியும் முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பசியோடு போட்ட சபதம் லேசில் தீராது. அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து நின்றது. நானும் தங்கையும் அந்தக் காரில் பின் சீட்டில்தான் இருந்தோம். நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைத்ததே நான்தான், போன் வழியாக. இப்போது ஓடியாடும் வயது. போனில் பார்க்கிறேன், பேசுகிறேன். தூக்கியதில்லை. தங்கை வீட்டுக்காரர், அதாவது இவருடைய சகலை, அந்த நகரத்தில் ஏதோ ஒரு உணவகத்தில் பொறுப்பாளர் என்பது தெரியும். எந்த உணவகம் என்று தெரியாது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

ஆகவே ஆபீஸ் சுற்றுலா என்பது அல்லாஹ்வே அனுப்பிய வண்டி. நான் போனில் சொன்னதும் தங்கை கத்தினாள். "அக்கா, அன்னிக்கு பிள்ளையக் கூட்டிட்டு வந்து கவுண்டர்லயே உக்கார வச்சிக்கிறேன். நீ வரிசையில வா. டிக்கெட் கேக்குற மாதிரி வா!" ரகசியம் என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும். எனக்கும்தான். புது மருதாணி வைத்துக்கொண்டேன். ரத்தம் எடுக்க வந்தவர்களெல்லாம் வீட்டில் விசேஷமா என்று கேட்டார்கள்.

அப்புறம்தான் அன்பு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் தேநீர் நேரத்தில் டாக்டரம்மா கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஆமா, சாப்பாட்டுக்கு என்ன பண்றோம்? நம்ம அக்காவுக்கு ஹலாலா இருக்கணும்ல? போன தடவை நாமெல்லாம் வெளுத்துக் கட்டினோம். இவங்க மட்டும் பழச்சாறு குடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல."

எனக்கு வந்தது. பழச்சாறு நன்றாகவே இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கிச் சொல்லும்போது அதை எப்படிச் சொல்வது?

"அதெல்லாம் பரவாயில்ல டாக்டரம்மா, நான் வீட்லேர்ந்து கட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்றேன்.

"கட்டிக்கிட்டு வர்றதா? நீ என்ன வேத்து ஆளா?" என்று அவர் கேட்ட தொனியில், நான் என்னவோ ராஜினாமாக் கடிதம் நீட்டியது போல் டோக்கன் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றே ஒரு குழு அமைந்தது. டாக்டரம்மா, டோக்கன், மைக்ரோஸ்கோப். மைக்ரோஸ்கோப் என்பவர் எங்கள் மூத்த டெக்னீஷியன். எதையும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. ஹலாலுக்காக அமைந்த குழுவில் ஹலால் சாப்பிடுகிற ஒரே ஆளுக்கு இடமில்லை. எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம்.

மைக்ரோஸ்கோப் இன்டர்நெட் முழுவதையும் படித்து முடித்தார். காலையில் நான் வந்து கோட்டு மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா, சில மிட்டாயில ஜெலட்டின் போடுறாங்க."

"தெரியும்."

"எண்ணெய்கூட தனியா இருக்கணுமாம். ஒரே வாணலியில பொரிக்கக் கூடாதாம்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா இவ்வளவு சாதாரணமா இருக்கீங்க?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் ஈமானில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு டோக்கன் ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். மீன் காட்சியகத்தைச் சுற்றி ஒரு ஹலால் உணவகம்கூட இல்லையாம். நல்ல கடைகளெல்லாம் நகரத்தின் மறுகோடியில் இருக்கின்றனவாம். இங்கே போய்விட்டு அங்கே சாப்பிடப் போனால் நாளே போய்விடும்.

"அப்போ மீனைத் தூக்கிடு" என்றார் டாக்டரம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

நான் எழுந்தே விட்டேன். "வேணாம் டாக்டரம்மா! நான் அங்கயே மீன் சாப்பிட்டுக்கிறேன். மீனுக்கு அறுக்கிற முறையெல்லாம் கிடையாது. எங்க வேணாலும் சாப்பிடலாம்."

டோக்கன் நெஞ்சில் கை வைத்தாள். "அக்கா, அது கண்காட்சி மீனு!"

"அதை இல்லடி. பக்கத்துக் கடையில."

"மீன் பொரிச்ச எண்ணெயில வேற என்ன பொரிச்சாங்களோ" என்றார் மைக்ரோஸ்கோப். அவர் படித்த படிப்பு என்னையே திருப்பி அடித்தது.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காக நீ விட்டுக் கொடுக்காதே. இந்தத் தடவை உனக்காக நாங்க விட்டுக் கொடுக்கிறோம். மீனை எப்ப வேணா பாக்கலாம். சம்மதம்தானே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூன்று பேர் முகத்திலும் அப்படியொரு பெருமை. அந்தச் சிவப்பு மை டாக்டரம்மாவின் தலைக்கு மேலேதான் இருந்தது. நான் தலையாட்டினேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் தங்கையைக் கூப்பிட்டேன். காட்சியகம் இல்லை என்று சொல்லிவிட்டு, லீவு போட முடியுமா என்றேன். விடுமுறை நாளில்தான் கூட்டம் அலைமோதும், கவுண்டரை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடும், எதற்கும் பிள்ளையைக் கூட்டி வந்து கூடவே வைத்துக்கொள்கிறேன் என்றாள். "சரி, எந்தக் கடையில சாப்பிடுறீங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். டோக்கன் சொன்ன பெயரைச் சொன்னேன். அவ்வளவு கடைகளில் அதுதான் அதிக நட்சத்திரம் வாங்கிய கடை.

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "அக்கா... அது இவரு பாக்குற கடை."

நான் சாலை ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டேன். பார்க்க வேண்டியவள் நகரத்தின் ஒரு கோடியில். பார்க்கக் கூடாதவர் மறுகோடியில். ஆளுக்கு ஆள் விட்டுக் கொடுத்து, தேடித் துருவி, என்னை அந்தச் சரியான மறுகோடிக்கு அழைத்துப் போகிறார்கள். பகைவன் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். எனக்காகவே போகிற சுற்றுலாவில் நான் இல்லாவிட்டால் டாக்டரம்மா என் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவார்.

போனேன். வேன் நகரத்துக்குள் நுழைந்ததும் ஒரு பெரிய பலகை. அதில் அம்புக்குறி போட்டு ஒரு மீன் படம். எங்கள் வேன் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. எல்லோரும் கோபுரம் தெரிகிறது என்று கத்தினார்கள். நான் பின் கண்ணாடி வழியாக அந்த மீன் மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தேன். கண்ணில் தூசி என்று டோக்கனிடம் சொன்னேன். படகில் போனோம், கோபுரத்தில் ஏறினோம். மேலேயிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் தெரியும் என்றார்கள். எனக்குத் தெரிய வேண்டியது மட்டும் தெரியவில்லை.

உணவகம் பெரியது, சுத்தமானது, நல்ல கூட்டம். உள்ளே போகும்போதே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். மூலையில், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, மெனு கார்டைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சகலை நின்றிருந்தார். தாடியில் கொஞ்சம் நரை. தலையில் தொப்பி, நெற்றியில் தொழுத தழும்பு. சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம், கூட்டத்தில் கண்டுபிடிக்க மாட்டார் என்று நான் தைரியம் சொல்லிக்கொண்ட அதே நேரத்தில் மைக்ரோஸ்கோப் எழுந்து நேராக அவரிடமே போனார்.

"சார், இது நிஜமாவே ஹலாலா?"

சகலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாசல்ல போட்டிருக்கே சார்."

"வாசல்ல யாரு வேணாலும் போடலாம். சான்றிதழ் இருக்கா?"

சகலை சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டினார். மைக்ரோஸ்கோப் பக்கத்தில் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மேலிருந்து கீழ்வரை படித்தார். முத்திரையைத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எண்ணெய் தனியா?" என்றார். "தனி." "வாணலி?" "தனி." "அறுக்கிறவங்க?"

"சார்" என்றார் சகலை. குரலில் சூடு ஏறிவிட்டது. "நான் இத்தனை வருஷமா இந்தக் கடையில இருக்கேன். இப்படி யாரும் குறுக்கு விசாரணை பண்ணதில்ல. உங்களைப் பார்த்தா நம்ம ஆளாவும் தெரியல. யாருக்காக இவ்வளவு கேக்குறீங்க?"

"எங்க அக்காவுக்காக!" என்று மைக்ரோஸ்கோப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

மெனு கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரு அளவுதான். சகலை மேசைக்கு வந்தார். நான் கார்டைக் கீழே வைத்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்திலிருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. வாங்க என்று ஒரு வார்த்தை சொல்வாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாரா? இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷம் ஓடியது.

"வாங்க மதினி" என்றார்.

அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. தொழில் பழக்கம்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

எல்லா மேசையிலும் அவர் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்தச் சுற்றுலா பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து என்னை யாரும் கேட்காத கேள்வி. மெனு கார்டில் இருந்த எதுவும் என் வாயில் வரவில்லை.

"பிள்ளையப் பாக்கணும் தம்பி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"எந்தப் பிள்ளை? இவரு யாரு?" என்றார் டாக்டரம்மா.

"என் தங்கச்சி வீட்டுக்காரர். தங்கச்சி மீன் காட்சியகத்துல டிக்கெட் குடுக்குறா. பிள்ளையும் இன்னிக்கு அங்கதான் இருக்கு."

சான்றிதழை இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்த மைக்ரோஸ்கோப் சத்தமில்லாமல் நாற்காலியில் அமர்ந்தார். டோக்கன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க சம்மதம்தானேன்னு கேட்டீங்க டாக்டரம்மா. நான் தலையாட்டிட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை மேசைக்குத் தாழ்த்தி, தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "போயிட்டு வா. நாங்க மெதுவா சாப்பிடுறோம்" என்றார். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

சகலை கல்லாவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் அவருடைய கார். நான் பழக்கதோஷத்தில் பின் கதவைப் பிடித்தேன்.

"முன்னாடி உக்காருங்க மதினி."

உட்கார்ந்தேன். இரண்டு குடும்பத்தைப் பிரித்த அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. முட்டி இடித்தது. இதற்காகவா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார், "அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்காரா?"

"யாராவது காருல வாங்கன்னு கூப்பிட்டா, முன் சீட்டு கிடைக்குமான்னு கேட்டுட்டுத்தான் கிளம்புறாரு."

சகலை சிரிக்கவில்லை. "நானும் அதுக்குத்தான் கார் வாங்கினேன். ஓட்டுறவனுக்குக் குமட்டாதாம்." பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்த சீட்டு சும்மாதான் கிடக்குதுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

காட்சியகத்தில் வரிசை தெரு வரைக்கும் நின்றது. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபடியே தங்கை எங்களைப் பார்த்துவிட்டாள். நான் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்து அவள் கை டிக்கெட்டோடு அந்தரத்தில் நின்றது. பக்கத்துக் கவுண்டர்க்காரியிடம் ஏதோ கெஞ்சிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக ஓடி வந்தாள். எத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறாள், கட்டிப் பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அதையும் செய்தாள். ஆனால் அதற்கு முன்னால், "உன்னை முன் சீட்டுல உக்கார வச்சாரா? என்னை ஒரு நாளும் வச்சதில்லக்கா! அங்க கடைச் சாமான் பை இருக்கும்!" என்றாள்.

சகலை மீன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கூட்டம் அங்கே எனக்காகத் தேடிப் பிடித்த சாப்பாட்டை ஒரு பிடி பிடித்ததாம். மைக்ரோஸ்கோப் மூன்று தட்டு வாங்கினாராம். அன்றைக்கு எங்கள் குழுவில் ஹலால் உணவகத்தில் சாப்பிடாத ஒரே ஆள் நான்தான். தங்கை கட்டிக்கொண்டு வந்திருந்த டப்பாவை, காட்சியகத்துப் படியில் உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. பிள்ளை தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னை ஒரு கண்ணால் பார்த்தது. நான் குனிந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "உங்க பேரு என்ன?" நான் வைத்த பெயரையே என்னிடம் முழுசாகச் சொன்னது.

"நான் யாரு?"

"சொல்லு, பெரி..." என்று தங்கை எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அதுவாகச் சொன்னால்தான் கணக்கு.

பிள்ளை முகத்தை நிமிர்த்தி என்னை நன்றாகப் பார்த்தது. "போன்ல அழுவாங்கல்ல" என்றது. "அவங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு கையை நீட்டினேன், அது வந்தது.